மடிக்கணினி யூ.எஸ்.பி. துறைப் பழுதறிதல்

மடிக்கணினி யூ.எஸ்.பி. துறைப் பழுதறிதல் என்பது, மடிக்கணினி ஒன்றின் யூ.எஸ்.பி. துறைகள் செயலிழக்கும்போது அதற்கான காரணத்தை முறைப்படி கண்டறியும் செயற்பாடு ஆகும். பேச்சு வழக்கில் இத்துறைகள் போர்ட் என்றே அழைக்கப்படுகின்றன. மின்விசிறியைத் தூய்மை செய்தல், விசைப்பலகையை மாற்றுதல், பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துதல், உடைந்த திரையை மாற்றுதல் போன்ற வேலைகளை உரிமையாளரே வீட்டில் செய்து, கணினியை மீண்டும் மூடிய பின்னர் இப்பழுது தோன்றுவதுண்டு. கணினி வழமைபோலத் தொடங்கும், திரை ஒளிரும், ஆனால் செருகிய மவுஸும் பென் டிரைவும் இயங்கா. இக்கட்டுரை அவ்வகைப் பழுதினையே முதன்மையாக விளக்குகிறது.

ஒரு துறை இயங்குவதற்கு மூன்று வேண்டும். அதற்கு 5 வோல்ட் மின்சாரம் வரவேண்டும். தரவுக் கம்பிகள் அறுபடாமல் தாய்ப்பலகை வரை செல்லவேண்டும். மறுமுனையில் உள்ள கட்டுப்படுத்தியும் அதன் இயக்கி மென்பொருளும் விழித்திருக்க வேண்டும். இம்மூன்றில் எது இல்லையோ அதைப் பொறுத்துப் பழுதின் அறிகுறி மாறும். ஆகவே எந்தப் பாகத்தையும் விலைகொடுத்து வாங்குவதற்கு முன்னர், மூன்றில் எது தவறியது என்று பிரித்தறிவதே பழுதறிதலின் சாரம் ஆகும்.

துறையின் அமைப்பு

யூ.எஸ்.பி. சீர்தரத்தின் 1.0 பதிப்பு 1996 ஆம் ஆண்டு சனவரியில் வெளியானது. காம்பாக், டி.இ.சி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் இதனை உருவாக்கின. இன்டெல்லில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த அஜய் பட் இதன் முதன்மை வடிவமைப்பாளர்களுள் ஒருவர். 2.0 பதிப்பு 2000 ஆம் ஆண்டிலும், 3.0 பதிப்பு 2008 ஆம் ஆண்டிலும், இருபுறமும் செருகக்கூடிய டைப்-சி இணைப்பி 2014 ஆம் ஆண்டிலும் வந்தன.

2.0 துறையில் நான்கு தொடுமுனைகள் உள்ளன. இரு ஓரங்களிலும் உள்ளவை மின்வழங்கலுக்கானவை: ஒன்று 5 வோல்ட், மற்றது கிரவுண்ட் எனப்படும் புவி இணைப்பு. நடுவில் உள்ள இரண்டும் டி+, டி− எனப்படும் தரவுக் கம்பிகள். வடத்தினுள் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை நிறங்களில் இருக்கும். மலிவான வடங்களில் இந்நிறங்களை நம்ப இயலாது. செருகியில் மின்வழங்கல் முனைகள் தரவு முனைகளைவிடச் சற்று நீளமானவை. இதனால் செருகும்போது மின்சாரம் முதலிலும் தரவு பின்னரும் இணைகின்றன. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே செருகவும் எடுக்கவும் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். 3.0 துறையில் இந்த நான்குடன் மேலும் ஐந்து முனைகள் சேர்ந்து ஒன்பதாகின்றன. அவற்றுள் நான்கு, இரண்டு இணைகளாக அமைந்த அதிவேகக் கம்பிகள். ஐந்தாவது புவி இணைப்பு. துறையின் உள்நாக்கு நீல நிறத்தில் இருப்பது 3.0 துறைக்குரிய வழக்கம். எனினும் எல்லா நிறுவனங்களும் அதனைப் பின்பற்றுவதில்லை.

கருவி செருகப்பட்டதைக் கணினி எவ்வாறு அறிகிறது என்பது பழுதறிவோருக்கு மிகவும் பயன்படும் செய்தி ஆகும். கணினியின் பக்கத்தில் டி+, டி− ஆகிய இரு கம்பிகளும் தலா 15 கிலோ ஓம் மின்தடை வழியாகப் புவி இணைப்பை நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். கருவியின் பக்கத்தில் ஒரு கம்பி மட்டும் 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக மேல்நோக்கி இழுக்கப்படும். வினாடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் இயங்கும் எளிய மவுஸ், விசைப்பலகை போன்றவை டி− கம்பியை உயர்த்துகின்றன. பென் டிரைவ் போன்ற விரைவான கருவிகள் டி+ கம்பியை உயர்த்துகின்றன. எந்தக் கம்பி உயர்கிறது என்பதைக் கொண்டே கருவி வந்துவிட்டது என்பதையும் அதன் வேக வகையையும் கணினி அறிகிறது.

5 வோல்ட் மின்சாரம் தாய்ப்பலகையிலிருந்து நேரடியாகத் துறைக்கு வருவதில்லை. இடையில் சிறியதொரு சுவிட்ச் சில்லு உண்டு. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் இச்சில்லு அதனைக் கட்டுப்படுத்தி அல்லது துண்டித்து, மிகைமின்னோட்டம் என்ற குறிப்பையும் கட்டுப்படுத்திக்கு அனுப்பும். சீர்தரப்படி ஒரு கருவி 2.0 துறையிலிருந்து 500 மில்லி ஆம்பியரும், 3.0 துறையிலிருந்து 900 மில்லி ஆம்பியரும் பெறலாம். செலவைக் குறைப்பதற்காக இரண்டு துறைகளுக்கு ஒரே சுவிட்ச் சில்லோ ஒரே குறிப்புக் கம்பியோ வைக்கப்படுவதுண்டு. அப்படிப்பட்ட கணினியில் ஒரு துறையின் உள்நாக்கு வளைந்து ஷார்ட் ஆனால், ஒரு கீறலும் படாத அடுத்த துறையும் சேர்ந்தே அணைந்துவிடும்.

திறந்து மூடியபின் பழுது தோன்றக் காரணங்கள்

பல மடிக்கணினிகளில் ஒரு பக்கத்துத் துறைகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். எதிர்ப்பக்கத்துத் துறைகள் ஒரு சிறு துணைப்பலகையில் இருக்கும். கடைகளில் இதனை யூ.எஸ்.பி. போர்டு அல்லது ஐ.ஓ. போர்டு என்று கேட்டு வாங்குவர். இத்துணைப்பலகையைத் தாய்ப்பலகையுடன் இணைப்பது தாள் போன்று மெல்லிய ரிப்பன் கேபிள். வீட்டுப் பழுதுபார்ப்புக்குப் பின் வரும் துறைப் பழுதுகளில் முதலில் ஐயுற வேண்டியது இதையே.

ரிப்பன் கேபிளின் தொடுமுனைகள் 0.5 மி.மீ. அல்லது 1 மி.மீ. இடைவெளியில் அமைந்தவை. கேபிளின் முனை முழுவதும் உள்ளே செல்லாமல் அரை மி.மீ. வெளியே நின்றாலோ, சற்றே சாய்ந்து நின்றாலோ சில முனைகள் தொடும், சில தொடா. சாய்ந்து நின்றால் அடுத்தடுத்த முனைகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகவும் கூடும். இணைப்பிகளின் பூட்டும் ஒரே மாதிரியானது அன்று. சிலவற்றில் மேல்நோக்கித் தூக்கும் மூடி இருக்கும். சிலவற்றில் வெளிப்புறம் இழுக்கும் சட்டம் இருக்கும். சிலவற்றில் பூட்டே இல்லாமல் கேபிளை அழுத்திச் செருகவேண்டும். முதல் வகையைத் தெரியாமல் இழுப்பவர் பூட்டை உடைத்துவிடுவார். உடைந்த பூட்டுடைய இணைப்பியில் கேபிள் நிற்பதுபோல் தோன்றும். கணினியை மூடி அசைக்கும்போது நழுவிவிடும். தொடுமுனை உள்ள பக்கம் எந்தத் திசையை நோக்கியிருந்தது என்பதைக் கழற்றும்போதே நிழற்படம் எடுத்துவைப்பது நல்லது. படம் எடுக்க நேரமில்லை என்று கருதுவோர் பின்னர் அதற்குப் பன்மடங்கு நேரம் செலவிடுவர்.

ரிப்பன் கேபிளை ஐயுறுவதற்கு ஒரு நல்ல தடயம் உண்டு. ஒலிச் செருகி, நினைவக அட்டைத் துறை, சில கணினிகளில் மின்பொத்தான் ஆகியவையும் அதே துணைப்பலகையில் இருக்கலாம். யூ.எஸ்.பி. துறையோடு சேர்ந்து அதே பக்கத்து ஒலிச் செருகியும் இயங்கவில்லை என்றால், துறையில் குறையில்லை. பாலமாகிய கேபிளில்தான் குறை. இதற்கு நேர்மாறாக, மவுஸ் இயங்கியும் வெளி வன்தட்டு மட்டும் இணைவதும் துண்டிப்பதுமாக இருந்தால், 5 வோல்ட்டைச் சுமக்கும் பல கம்பிகளில் ஓரிரண்டு மட்டுமே தொடுகின்றன என்று ஐயுறலாம். மிகுந்த மின்னோட்டம் கேட்கும் கருவி முதலில் தடுமாறும்.

இரண்டாவது காரணம் மின்கலத்தைக் கழற்றாமல் வேலை செய்வது. மின்னேற்றியை உருவிவிட்டால் கணினியில் மின்சாரம் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். உள்ளே பொருத்தப்பட்ட மின்கலம் இருக்கும்வரை, கணினி அணைக்கப்பட்டிருந்தாலும் தாய்ப்பலகையின் பல இடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். இந்நிலையில் ரிப்பன் கேபிளைச் செருகும்போது ஒரு நொடி சாய்ந்தாலும், ஒரு கம்பியின் மின்னழுத்தம் அதைத் தாங்காத அடுத்த கம்பிக்குச் செல்லும். திரைக்குச் செல்லும் வடம் இவ்வகையில் மிகவும் ஆபத்தானது. பல கணினிகளில் பின்னொளிக்கான கம்பி மின்கலத்தின் அல்லது மின்னேற்றியின் முழு மின்னழுத்தத்தையும் சுமக்கிறது. 19 வோல்ட் மின்னேற்றி உள்ள கணினியில் அது அந்த அளவை நெருங்கலாம். அதே வடத்தில்தான் வெப் கேமராவின் யூ.எஸ்.பி. தரவுக் கம்பிகளும் செல்கின்றன. அவை சென்று சேருமிடம் தாய்ப்பலகையின் முதன்மைச் சில்லு. அங்கு நேரும் சேதம் வீட்டில் சரிசெய்யத்தக்கது அன்று.

திரை மாற்றிய பின்னர் எதுவும் செருகப்படாத நிலையிலும் அறியப்படாத யூ.எஸ்.பி. கருவி என்ற செய்தி மீண்டும் மீண்டும் வருமாயின், பழுது வெளித்துறையில் இல்லாமல் திரைக் கீலில் நசுங்கிய வெப் கேமராக் கம்பியில் இருக்கக்கூடும்.

பிற காரணங்களைச் சுருக்கமாகக் கூறலாம். நீளமான திருகாணியைக் குட்டையான திருகாணிக்குரிய துளையில் முறுக்கினால் அது பலகையின் தடங்களைத் துளைக்கலாம். கழன்ற திருகாணி ஒன்று பலகையின் அடியில் தங்கி ஷார்ட் ஏற்படுத்தலாம். வெப்பப் பசைக்கு மாற்றாகச் சிலர் இடும் காலியம் கலந்த திரவ உலோகம் மின்கடத்தி ஆதலால், வழிந்து அருகிலுள்ள மின்தேக்கிகளை ஷார்ட் செய்யலாம். அலுமினியத்தையும் அது அரிக்கும். மேலுறையை நெம்பி எடுக்கும்போது துறையின் பற்றவைப்பு விரிசல் காணலாம். வைஃபை அட்டையைச் சரியாகப் பொருத்தாவிட்டால் புளூடூத் மறையலாம். ஏனெனில் அவ்வட்டையின் புளூடூத் பகுதி பெரும்பாலும் உட்புற யூ.எஸ்.பி. வழியாகவே இணைகிறது.

தரவுகளைக் காத்தல்

சோதனைகளைத் தொடங்குமுன் கணினியில் உள்ள முக்கியக் கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். யூ.எஸ்.பி. துறைகள் இயங்காதபோது பென் டிரைவில் படியெடுக்க இயலாது என்பது வெளிப்படை. வைஃபை அல்லது ஈதர்நெட் வழியாக மற்றொரு கணினிக்கோ இணையச் சேமிப்பிடத்துக்கோ அனுப்பலாம். கணினி இன்னும் தொடங்கிக்கொண்டிருக்கும் இந்நேரமே அதற்கு உகந்தது. பழுதைத் தேடும் முயற்சியில் தாய்ப்பலகை முழுமையாகச் செயலிழந்த நேர்வுகள் உண்டு.

விண்டோஸ் கணினிகளில் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். உரிமையாளர் தாமாக இயக்காவிட்டாலும், மைக்ரோசாப்ட் கணக்கு வழியே உள்நுழையும் பல கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்புகளை மாற்றினாலோ தாய்ப்பலகையை மாற்றினாலோ 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். அவ்வெண் இல்லையேல் வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலும் கோப்புகளைப் படிக்க முடியாது. ஆகவே அவ்வெண்ணைத் தாளில் எழுதிவைத்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லவேண்டும்.

பழுதின் எல்லையை அறிதல்

எல்லாத் துறைகளும் இயங்கவில்லையா, ஒரு பக்கம் மட்டுமா, ஒரே ஒரு துறையா, அல்லது குறிப்பிட்ட வகைக் கருவிகள் மட்டுமா என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். சோதனைக்கு வேறொரு கணினியில் இயங்குவதாக உறுதிசெய்த இரண்டு கருவிகள் போதும்: கம்பியுள்ள ஒரு சாதாரண மவுஸ், ஒரு பென் டிரைவ்.

ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தால் துணைப்பலகையும் அதன் கேபிளும் ஐயத்துக்குரியவை. ஒரே துறை எனில் அதன் உள்நாக்கு, பற்றவைப்பு, அதற்குரிய சுவிட்ச் சில்லு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். எல்லாமே செயலிழந்தால் மென்பொருள், பயாஸ், பொதுவான 5 வோல்ட் வழங்கல், கட்டுப்படுத்தி ஆகியன எஞ்சுகின்றன.

இந்தக் கடைசி நிலையில், விலையேதுமில்லாத ஒரு சோதனை உள்ளது. வெப் கேமரா, புளூடூத், விரல்ரேகைப் படிப்பான் ஆகியன வெளியே தெரியாவிடினும் பெரும்பாலும் யூ.எஸ்.பி. கருவிகளே. வெளித்துறைகள் அனைத்தும் செயலிழந்தும் வெப் கேமரா படம் காட்டுமாயின், கட்டுப்படுத்தி உயிரோடு உள்ளது. இயக்கி மென்பொருளும் நலமாக உள்ளது. பழுது மின்வழங்கலிலோ கேபிளிலோதான் இருக்கும். தாய்ப்பலகையை மாற்றவேண்டும் என்று கடையில் கூறப்பட்டால், ஒப்புக்கொள்ளுமுன் இச்சோதனையைச் செய்து பார்ப்பது பொருளிழப்பைத் தவிர்க்கும். உட்புற விசைப்பலகை இயங்குவதை மட்டும் இதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. பல மடிக்கணினிகளில் அது யூ.எஸ்.பி. வழியாக அன்றி, பி.எஸ்./2 முறையில் வேறொரு சில்லுடன் இணைந்திருக்கும்.

மென்பொருட் காரணங்களை விலக்குதல்

கணினியைத் திறந்தவர் தம் கைமீதே பழியைப் போட்டுக்கொள்வது இயல்பு. ஆனால் பழுது மென்பொருளிலும் இருக்கலாம். முதலில் கணினியை அணைத்து, மின்னேற்றியை உருவி, மின்கலத்தையும் துண்டித்து, மின்பொத்தானை ஏறத்தாழ 30 நொடிகள் அழுத்திப் பிடிக்கவேண்டும். எஞ்சிய மின்சாரம் வடிந்து, மிகைமின்னோட்டத்தால் பூட்டிக்கொண்ட சில்லுகள் மீளத் தொடங்கும். விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில் விரைவுத் தொடக்க வசதி இயங்கும்போது, அணைத்துத் திறப்பது முழுமையான மறுதொடக்கம் ஆகாது. இயங்குதளத்தின் உட்கருநிலை வட்டில் சேமிக்கப்பட்டு மீட்கப்படும். மறுதொடக்கக் கட்டளையே முழுமையாகத் தொடங்கும்.

பயாஸில் யூ.எஸ்.பி. துறைகளை அணைக்கும் அமைப்பு அலுவலகப் பயன்பாட்டுக்கான மடிக்கணினிகளில் காணப்படும். காசு வடிவ மின்கலத்தைக் கழற்றிப் பொருத்தியிருந்தால் அமைப்புகள் மாறியிருக்கக்கூடும். பயாஸ் திரையிலேயே யூ.எஸ்.பி. விசைப்பலகை இயங்குகிறது, இயங்குதளத்தில் மட்டும் இயங்கவில்லை என்றால் வன்பொருளில் குறையில்லை என்று துணியலாம்.

எஸ்.எஸ்.டி. மாற்றிய கையோடு இயங்குதளத்தையும் புதிதாக நிறுவுவோர் சந்திக்கும் சிக்கல் ஒன்று பெயர்பெற்றது. இன்டெல் 2015 இல் வெளியிட்ட ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து பழைய இ.எச்.சி.ஐ. கட்டுப்படுத்தி நீக்கப்பட்டு, எக்ஸ்.எச்.சி.ஐ. மட்டுமே எஞ்சியது. 2009 இல் வெளியான விண்டோஸ் 7 இல் எக்ஸ்.எச்.சி.ஐ.க்கான இயக்கி இல்லை. எனவே அத்தலைமுறைக் கணினியில் விண்டோஸ் 7 நிறுவத் தொடங்கினால், பென் டிரைவிலிருந்து நிறுவல் தொடங்கும், பாதி வழியில் வட்டு இயக்கி ஒன்று இல்லை என்று கூறி நின்றுவிடும், யூ.எஸ்.பி. மவுஸும் அசையாது. முந்தைய நாள் திருகாணி கழற்றியவர், துறைகளைத் தாமே கெடுத்துவிட்டதாக எண்ணி மீண்டும் திறப்பார். விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்று முடிவுற்றது. ஆயினும் பழைய மென்பொருள்களுக்காக அதனை நிறுவுவோர் இன்னும் உளர்.

மவுஸ் இயங்கியும் பென் டிரைவ்கள் மட்டும் ஏற்கப்படவில்லை என்றால் அது பெரும்பாலும் கொள்கைத் தடை. நிறுவனங்களில் பயன்படுத்தி விற்கப்பட்ட கணினிகளில், விண்டோஸ் பதிவேட்டின் யூ.எஸ்.பி.ஸ்டோர் பகுதியில் ஸ்டார்ட் என்ற மதிப்பு 4 என வைக்கப்பட்டிருக்கும். அதனை 3 ஆக்கினால் சேமிப்புக் கருவிகள் மீண்டும் இயங்கும்.

லினக்ஸ் இயங்குதளம் இருப்பின் அதன் உட்கருச் செய்திகள் விண்டோஸ் காட்டுவதைவிடத் தெளிவானவை. கருவியைச் செருகும்போது ஒரு வரியும் தோன்றாவிட்டால் செருகப்பட்டதையே கணினி உணரவில்லை. பிழை எண் −71 வந்தால் கருவி உணரப்பட்டது, ஆனால் உரையாடல் சிதைகிறது. −110 வந்தால் மறுமொழி குறித்த நேரத்தில் வரவில்லை. மிகைமின்னோட்டம் என்ற செய்தி வந்தால் ஷார்ட் ஒன்றைத் தேடவேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் தோன்றும் கோட் 43, கருவி தன்னை அறிமுகப்படுத்தத் தவறியது என்பதைக் காட்ட வருவதுண்டு. பயனரிடம் லினக்ஸ் வட்டு இல்லை, பென் டிரைவிலிருந்து தொடங்கலாம் என்றால் துறைகளே இல்லை என்ற நிலையில், டி.வி.டி. இயக்ககம் உள்ள பழைய கணினிகள் நல்வாய்ப்புப் பெற்றவை.

மின்னழுத்தத்தை அளத்தல்

மென்பொருள் விலக்கப்பட்ட பின் மல்டிமீட்டரை எடுக்கலாம். துறையின் உள்ளே அளவிமுனைகளைச் செருகி அளப்பது தவறான பழக்கம்; முனை சற்று நழுவினால் 5 வோல்ட் தரவுக் கம்பியைத் தொடும். பழைய யூ.எஸ்.பி. வடம் ஒன்றை வெட்டி, கம்பிகளைத் தனித்தனியே பிரித்து, செருகிய பின் அவற்றின் முனைகளில் அளப்பதே பாதுகாப்பானது. செருகக்கூடிய சிறு யூ.எஸ்.பி. மின்னழுத்தமானிகளும் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

கணினி முழுமையாகத் தொடங்கிய நிலையில் அளவு 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். அளவு சரியாக இருந்து, கைப்பேசி ஒன்றை மின்னேற்றச் செருகியவுடன் வெகுவாகச் சரிந்தால், வழியில் எங்கோ மின்தடை மிகுந்துள்ளது. ரிப்பன் கேபிளை மீளப் பொருத்துவதே முதற்பணி. அளவு சுழியமாக இருந்தால் இரண்டில் ஒன்று: சுவிட்ச் சில்லுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது வந்தும் அது திறக்கவில்லை. ஷார்ட் உள்ளதா என அறிய, மின்னேற்றியையும் மின்கலத்தையும் துண்டித்துவிட்டு 5 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான மின்தடையை அளக்கவேண்டும். நலமான துறையில் அது ஆயிரக்கணக்கான ஓம்களாக இருக்கும். சில ஓம்களே இருந்தால் ஷார்ட் உறுதி. துணைப்பலகையின் கேபிளைக் கழற்றி மீண்டும் அளந்தால் ஷார்ட் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். துணைப்பலகையில் என்றால் மகிழ்ச்சி அடையலாம். பலகை எண்ணைச் சொல்லி மாற்றுப் பலகை வாங்கிவிடலாம். மாதிரியின் பெயர் ஒன்றாக இருந்தும் பலகை மாறுபடுவது உண்டு. எனவே பலகைமீது அச்சிட்ட எண்ணை ஒப்பிடாமல் வாங்கலாகாது.

சில மடிக்கணினிகளில், கணினி அணைந்திருக்கும்போதும் கைப்பேசியை மின்னேற்றும் துறை ஒன்று இருக்கும். மஞ்சள் நிறத்தாலோ மின்னல் குறியாலோ அது அடையாளம் காட்டப்படும். இத்துறைக்கு வேறு சுவிட்ச் சில்லு இருப்பதால், மற்றவை அணைந்தும் இது இயங்குவதும், இதற்கு மறுதலையாக நிகழ்வதும் வியப்புக்குரியவை அல்ல.

தரவுக் கம்பிகளைச் சோதித்தல்

மவுஸின் விளக்கு எரிந்தும் சுட்டி நகராவிட்டால் மின்சாரம் உள்ளது, தரவு இல்லை. மேலே கூறிய மேல்நோக்கி இழுக்கும் மின்தடையின் பயனை இங்கே காணலாம். டி+ கம்பி அறுந்திருந்தால் பென் டிரைவ் செருகியதன் அறிகுறியே தோன்றாது. ஆனால் எளிய மவுஸ் செருகினால் அறியப்படாத கருவி என்ற செய்தியாவது வரும். டி− கம்பி அறுந்திருந்தால் மவுஸ் ஊமையாக இருக்கும். பென் டிரைவுக்குப் பிழைச் செய்தி வரும். இரண்டுக்கும் எவ்விதச் சலனமும் இல்லையெனில் இரு கம்பிகளும் அறுந்திருக்கலாம், அல்லது கட்டுப்படுத்தி இயங்கவில்லை. 3.0 துறையில் அதிவேக இணைகள் தனி வழி ஆதலால், புதிய வெளி வன்தட்டு வேகமாக இயங்கும். அதே துறையில் மவுஸ் இயங்காது. இந்த முரண் டி+, டி− வழியில் பழுது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

மல்டிமீட்டரின் டயோடு நிலையிலும் இவ்வழியைச் சோதிக்கலாம். மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்ட கணினியில், சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையைத் தரவுக் கம்பியிலும் வைக்கவேண்டும். குறிப்பிட்ட எண்ணைவிட ஒப்பீடே முக்கியம்: டி+, டி− இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டவேண்டும், நலமான துறையின் அளவோடும் பொருந்தவேண்டும். ஒன்று எல்லை கடந்ததாகக் காட்டினால் வழி அறுந்துள்ளது. துறைக்கு அருகில் உள்ள வடிகட்டிச் சுருள் எரிந்திருக்கலாம், பற்றவைப்பு விட்டிருக்கலாம், அல்லது ரிப்பன் கேபிள் தொடாமல் இருக்கலாம். சுழியத்தை ஒட்டிக் காட்டினால் நிலைமின்சாரத்திலிருந்து காக்கும் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். அந்த டயோடு தன் கடமையைச் செய்து மாண்டது என்றே கொள்ளவேண்டும்; அதை மாற்றினால் துறை மீண்டும் இயங்க வாய்ப்புண்டு. டயோடு கழற்றப்பட்ட பின்னும் அளவு சுழியமாகவே இருந்தால் சேதம் முதன்மைச் சில்லு வரை சென்றுள்ளது.

டைப்-சி துறைகள்

டைப்-சி துறைகளுக்கு மேற்கண்ட அளவீடுகள் அப்படியே பொருந்தா. இதில் கருவி செருகப்பட்டு, சி.சி. எனப்படும் கம்பியில் 5.1 கிலோ ஓம் மின்தடை உணரப்பட்ட பின்னரே 5 வோல்ட் வழங்கப்படும். வெறுமையான டைப்-சி துறையில் சுழியம் காட்டுவது பழுதன்று. இதனை அறியாமல் நல்ல பலகையைப் பழுதென்று ஒதுக்கியோர் பலர். மின்னேற்றமும் அதே துறை வழியாக நிகழும் பல கணினிகளில் 20 வோல்ட் வரை அத்துறைக்கு வரும். அதன் முனைகள் 0.5 மி.மீ. இடைவெளியில் நெருங்கி அமைந்தவை என்பதால், வளைந்த முனையையோ ஈரத்தையோ கண்டபின்னும் மின்னேற்றியைச் செருகிப் பார்ப்பது கூடாது.

பழுது நீக்கலின் வரம்பு

ரிப்பன் கேபிளை மீளப் பொருத்துதல், துணைப்பலகையை மாற்றுதல், அரிப்பைச் செறிவான ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் தூய்மை செய்தல் ஆகியன வீட்டில் செய்யத்தக்கவை. சுவிட்ச் சில்லையும் டயோடையும் மாற்றுவதற்கு வெப்பக்காற்றுக் கருவியும் பயிற்சியும் வேண்டும். பல அடுக்குகள் கொண்ட தாய்ப்பலகையின் கிரவுண்ட் தளம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், சாதாரணப் பற்றவைப்புக் கோலால் துறையைப் பெயர்க்க முயல்வோர் தடங்களையே பெயர்த்துவிடுவர். உப்பியிருக்கும் மின்கலம் கண்ணில் பட்டால், துறையின் பழுதை மறந்து அம்மின்கலத்தை முதலில் அகற்றவேண்டும். அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது.

முதன்மைச் சில்லின் ஒரு பகுதி மட்டும் சேதமடைந்து, பிற பக்கத்துத் துறைகள் இயங்குமாயின், இயங்கும் துறையில் தனி மின்வழங்கல் உள்ள யூ.எஸ்.பி. ஹப் ஒன்றை இணைத்துக் கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். எக்ஸ்பிரஸ்கார்டு பொந்து உள்ள பழைய மடிக்கணினிகளில் அதற்குரிய யூ.எஸ்.பி. அட்டையைச் செருகலாம். எல்லாத் துறைகளும் போய்விட்ட கணினியிலும் புளூடூத் இயங்குமானால் மவுஸ் கிடைத்துவிடும். கோப்புகளை வலையமைப்பு வழியாகப் பரிமாறலாம். ஆனால் தாய்ப்பலகையில் ஷார்ட் நீக்கப்படாமல் உள்ள கணினியை இவ்வாறு பயன்படுத்தலாகாது. அது சூடேறும் இடம் மின்கலத்துக்கு அருகிலும் இருக்கக்கூடும்.